அந்தரங்கம் ஓர் அமானிதம்

(ஜும்ஆ பேருரை)

புகழனைத்தும் வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

திருக்குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், நாம் அமைதி பெறும் இடமாக வீடுகளை ஆக்கித் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான். அத்துடன் நின்றுவிடவில்லை. பயணத்தில் சுமந்து செல்ல எளிதான, கால்நடைகளின் தோலினால் ஆன கூடாரங்களையும் வீடுகள் என்றே குறிப்பிடுகின்றான். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியதுதான் வீடு என்பதில்லை. ஒரு மனிதன் பிறர் பார்வையிலிருந்து விலகி, தன் மனைவி மக்களோடு நிம்மதியாக இருக்கும் இடம் எதுவோ, அதுவே வீடு. அவ்விடம் மெல்லிய துணிச் சுவராயினும், அதற்குள் நுழையவும் எட்டிப் பார்க்கவும் அனுமதி தேவை. இன்றைய உரையின் கருப்பொருள் இதுவே.

துணிச் சுவருக்குள் எரிந்த விளக்கு

சென்ற மே மாதப் பள்ளி விடுமுறையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஆறு குடும்பத்தார், திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள ஏலகிரி மலைக்குச் சென்று இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்கி வந்தோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறியதும், ஊரின் இரைச்சலை விட்டு விலகிவிட்டோம் என்றே எல்லோரும் எண்ணினோம். ஆனால் நாம் விட்டுவந்ததாக எண்ணிய உலகம் நம் சட்டைப் பைகளிலேயே உடன் வந்திருந்தது.

தேநீர்க் கடையில் கைப்பேசி மூலம் பணம் செலுத்தினால், எவ்வளவு செலுத்தினோம் என்பதை அங்குள்ள சிறு பெட்டி அனைவரும் கேட்க அறிவிக்கிறது. இளைஞர் ஒருவரின் கைக்கடிகாரம், அவர் இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினார், எப்போது விழித்தார் என்பதைக் காலையில் அவருக்கே எடுத்துரைத்தது. சிறுவன் ஒருவன் எடுத்த படத்தைத் திறந்தால், அது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதை வரைபடத்துடன் காட்டியது. மற்றொருவரின் கைப்பேசியோ, அவர் குடும்பத்துப் பெண்களின் படங்களை முகம் முகமாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தது. அவ்வாறு செய்யுமாறு தாம் எப்போது இசைவளித்தோம் என்பது அவருக்கே நினைவில்லை.

முதல் நாள் இரவு இஷாவுக்குப் பின், பெண்கள் தங்கியிருந்த கூடாரத்தினுள் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உளூச் செய்யச் சென்ற முதிய தாயார் ஒருவர் திரும்பி வருகையில் சற்று நின்றுவிட்டார். உள்ளே நடமாடுவோரின் உருவங்கள் துணியின் மீது நிழலாகத் தெளிவாகத் தெரிந்தன. அவர் உள்ளே சென்று கூறியதை என் வீட்டார் பின்னர் என்னிடம் தெரிவித்தனர்: "உள்ளே இருக்கும் நமக்கு வெளியே இருட்டு, வெளியே இருப்பவருக்கு நாம் வெளிச்சம். விளக்கைத் தணியுங்களம்மா."

பெரியோர்களே! நம் காலத்துக் கருவிகளின் நிலையை விளக்க இதைவிடத் தெளிவான சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை. நம் கைப்பேசியும் அவ்வாறு உள்ளே விளக்கெரியும் ஒரு கூடாரமே. நாம் எங்கே செல்கிறோம், யாருடன் பேசுகிறோம், எதை வாங்குகிறோம், எதைத் தேடுகிறோம் என்பதெல்லாம் வெளியே நிழலாடிக் கொண்டிருக்கிறது. பார்ப்பவர் யார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அழித்த படமும் அழியாத பார்வையும்

மறுநாள் காலை நடந்ததையும் கூற வேண்டும். சம்பந்தப்பட்ட சகோதரியின் இசைவைப் பெற்றே கூறுகிறேன். பெண்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தனர். புகையில் கண் கலங்கி, அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அச்சகோதரியின் முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது. அவ்வேளையில் இளைஞர் ஒருவர் மலைக்காட்சியைப் படமெடுத்து, மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அவர் நோக்கத்தில் தீங்கு ஏதுமில்லை. பின்புறத்தில் யார் இருக்கிறார் என்று கவனிக்கவில்லை, அவ்வளவே. ஆனால் அப்படம் குழுவிலிருந்து வேறு குழுக்களுக்கும் சென்றது. வளைகுடாவில் பணிபுரியும் அச்சகோதரியின் கணவருக்கே அங்குள்ள நண்பர் ஒருவர் வழியாக வந்து சேர்ந்தது.

இளைஞர் மிகவும் வருந்தினார். உடனே படத்தை அழித்தார். அப்போது அச்சகோதரி என் வீட்டாரிடம் கேட்ட கேள்வி இது: "படத்தை அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் பார்த்ததை யார் அழிப்பது?"

இக்கேள்விக்கு மார்க்கத்தில் விடை உண்டு. அவ்விடை நம்மை அஞ்ச வைப்பது. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவத்தை அல்லாஹ் நாடினால் தவ்பாவினால் மன்னித்துவிடுவான். ஆனால் பிறருடைய மானம் என்பது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. பொற்காசும் வெள்ளிக்காசும் செல்லாத அந்த நாள் வருமுன், அநீதி இழைத்தவர் பாதிக்கப்பட்டவரிடம் இங்கேயே விடுதலை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் காண்கிறோம். அந்த இளைஞர் சகோதரியிடமும் அவர் கணவரிடமும் மன்னிப்புக் கோரினார். அவர்களும் மனமுவந்து மன்னித்தனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அப்படத்தைத் தம் பங்குக்கு வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் யார் யார்? அவர்கள் எவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டார்கள்? விரல் நுனியால் ஒரு நொடியில் செய்த செயலுக்காக, மறுமையில் நம் நன்மைகளை எடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் நிலை வந்தால் என்ன செய்வோம்?

வாசலில் நிற்கும் ஒழுக்கம்

சகோதரர்களே! பிறர் அந்தரங்கத்தைப் பேணுவதை இஸ்லாம் வெறும் நாகரிகமாகக் கருதவில்லை, சட்டமாகவே ஆக்கியுள்ளது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும்; திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் (24:27,28) கட்டளையிடுகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயமோ (49:12) ஊகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகிய மூன்றையும் ஒரே வசனத்தில் தடை செய்கிறது. இவ்வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் வேவு பார்க்கத் தூண்டுகிறது. வேவில் கிடைத்தது புறமாக வெளியேறுகிறது.

நபி (ஸல்) அவர்கள் இரும்புச் சீப்பினால் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோது, ஒருவர் கதவின் துவாரம் வழியே எட்டிப் பார்த்தார். அதையறிந்த அண்ணலார், அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அச்சீப்பினால் அவர் கண்ணில் குத்தியிருப்பேன் எனக் கடிந்து, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் ஏற்படுத்தப்பட்டது என்று விளக்கினார்கள். இதனை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கருணையே உருவான நம் நாயகம் இவ்வளவு கடுமையாகப் பேசிய இடங்கள் மிகச் சில.

அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. அண்ணலார் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நிற்க மாட்டார்கள்; வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நின்றே ஸலாம் கூறுவார்கள். அன்றைய வீடுகளின் வாசல்களில் திரைகள் இருக்கவில்லை என்பதே காரணம். திரையில்லாத வீட்டாரின் மானத்துக்குத் தாமே திரையாக ஒதுங்கி நின்றார்கள். பூட்டில்லாத கைப்பேசி ஒன்று மேசை மீது கிடந்தால், முஃமினுக்குரிய ஒழுக்கம் என்னவென்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

பார்வைக்கு மட்டுமன்று, செவிக்கும் இதே சட்டம்தான். தாம் கேட்பதை விரும்பாதவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவரின் காதில் மறுமையில் உருக்கிய ஈயம் ஊற்றப்படும் என்ற எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் காண்கிறோம். ஒருவர் பேசும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டால், அப்பேச்சு அமானிதமாகிவிடுகிறது என்றும் அண்ணலார் கற்பித்துள்ளார்கள். இரகசியம் என்று அவர் வாயால் கூறவும் தேவையில்லை; அந்தப் பார்வையே போதுமானது. அவ்வாறிருக்க, நம்மை நம்பித் தொலைபேசியில் பேசுவோரின் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து பிறருக்கு அனுப்புவது எத்துணை பெரிய மோசடி!

கேட்காமல் நுழையும் கருவிகள்

இனி, வெளியே நின்று பார்ப்பவர்கள் யார் என்பதையும் சற்று அறிந்துகொள்வோம். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தம் கைப்பேசியில் வைத்திருந்தனர். அதனைப் பயன்படுத்துவோர் இருக்குமிடம் பற்றிய விவரங்கள் 'எக்ஸ்-மோட்' என்னும் தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்திடம் அமெரிக்க இராணுவத்துக்குப் பணிசெய்யும் ஒப்பந்ததாரர்கள் தரவுகளை வாங்கியதையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் வெளிக்கொணர்ந்தது. தாம் இராணுவத்துக்கு விற்கவில்லை என்று செயலியின் நிறுவனத்தார் மறுத்தனர். எனினும் அத்தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தனர். வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் சென்று வருவோரின் விவரங்களை விற்கக் கூடாதென்று அந்தத் தரவு நிறுவனத்துக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் தடை விதித்தது 2024 ஜனவரியில்தான். கிப்லாவைத் தேடியவரின் திசையை எவரெவரோ தேடிக்கொண்டிருந்தனர்!

கூப்பிட்டால் மறுமொழி கூறும் ஒலிபெருக்கிகள் இன்று பல இல்லங்களில் உள்ளன. தன் பெயர் அழைக்கப்படுகிறதா என அறிய அவை எப்போதும் செவி கொடுத்துக்கொண்டே இருக்கும். அழைத்ததும் அதன் பிறகு பேசுவது நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. பெயரைப் போல் ஒலிக்கும் வேறு சொல்லைக் கேட்டும் அவை விழித்துக்கொள்வதுண்டு. குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்தது தொடர்பான வழக்கில், அமேசான் நிறுவனம் 2023இல் 2 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. அதே ஆண்டில், அதன் 'ரிங்' வீட்டுக் கேமராக்களில் பதிவான அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்களே பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில் மேலும் 58 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. திருடனைப் பார்க்க வைத்த கேமரா, வீட்டாரையே பிறருக்குக் காட்டியது.

இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டதாகப் பயனர்கள் எண்ணிய பின்னரும் அவர்கள் செல்லுமிடம் பதிவாகிக்கொண்டிருந்தது என்ற வழக்கில், கூகுள் நிறுவனம் 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39 கோடியே 15 இலட்சம் டாலர் வழங்க ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் இது பற்றிய விழிப்பு ஏற்பட்டுள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் சட்டம் வாசல் வரைதான் வரும். வாசலுக்குள் காவல் நிற்பது இறையச்சம்.

"என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?"

இவ்வாறு கேட்போர் பலர். தவறு செய்பவன்தானே மறைக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். அன்பர்களே! அனுமதி கேட்கும் சட்டம் பாவிகளின் வீடுகளுக்கு மட்டும் இறங்கியதன்று. உத்தமர்களின் இல்லங்களுக்கே முதலில் இறங்கியது. உறக்கமும், நோயும், வறுமையும், கணவன் மனைவியின் பேச்சும், இரவில் ஒருவர் அழுது கேட்கும் துஆவும் குற்றங்களா? எனினும் அவற்றை எவரும் சந்தையில் விரித்து வைப்பதில்லை. வலக்கரம் ஈந்ததை இடக்கரம் அறியாதவாறு தர்மம் செய்யச் சொன்ன மார்க்கம் இது. நற்செயலுக்கும் திரை உண்டு.

அல்லாஹ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று சிலர் கூறலாம். ஆம், பார்க்கிறான். ஆனால் அவன் பார்த்தும் மறைப்பவன். அடியானின் குறையை மூடி, திருந்த அவகாசம் தருபவன். மனிதன் பார்த்தால் சேமிக்கிறான், விற்கிறான், பரப்புகிறான். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது தகாது.

காவலா, வேவா?

ஏலகிரியில் இரவு நெருப்பு மூட்டி அமர்ந்திருந்தபோது, ஒரு தந்தை என்னிடம் தனியே கேட்டார்: "ஹழ்ரத்! என் மகளுக்குப் பதினேழு வயது. அவள் எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் பார்க்க ஒரு செயலி இருக்கிறதாம். வைக்கலாமா?"

பிள்ளைகளைக் காப்பது தந்தையின் கடமை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவர். அன்று மாலைகூட வழி தவறிய சிறுவர் இருவரை, அவர்கள் தம் இருப்பிடத்தைக் கைப்பேசியில் அனுப்பியதால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தோம். ஆகவே கருவியே ஹராம் என்று கூற மாட்டேன். ஆனால் மேய்ப்பன் மந்தையின் முன்னே கோலூன்றி நிற்கிறான். புதரில் மறைந்து பார்ப்பது ஓநாயின் வழக்கம். எனவே அத்தந்தையிடம் கூறினேன்: மகளை அழைத்து உட்காரவையுங்கள். உங்கள் அச்சத்தை அவளிடமே சொல்லுங்கள். வெளியே செல்லும்போது இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை வீட்டில் அனைவருக்கும் வெளிப்படையாக வையுங்கள். நீங்களும் அதற்குக் கட்டுப்படுங்கள். மறைவாக வேவு பார்த்து ஒரு நாள் அது அவளுக்குத் தெரியவந்தால், நாளை உண்மையான ஆபத்து வரும்போது அவள் உங்களிடம் வர மாட்டாள்.

மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவாய் என்று முஆவியா (ரலி) அவர்களுக்கு அண்ணலார் கூறிய அறிவுரை அபூதாவூதில் உள்ளது. ஆட்சியாளருக்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை தந்தைக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் பொருந்தும். கொலை போன்ற, பின்னர் ஈடுசெய்ய இயலாத தீங்கு நிகழவிருப்பதாக நம்பத்தகுந்தவர் கூறினால் மட்டும் விசாரிக்கலாம் என்று இமாம் மாவர்தீ (ரஹ்) போன்றோர் விதிவிலக்கு அளித்துள்ளனர். வெறும் சந்தேகத்துக்கு அவ்விலக்கு இல்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் மதீனாவில் காவல் சுற்றி வந்தார்கள். ஒரு வீட்டில் விளக்கொளி தெரிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் குரல்கள் உயர்ந்து கேட்டன. உள்ளே இருப்போர் மது அருந்துகிறார்கள் என்பதை உணர்ந்த கலீஃபா, தம் தோழரின் கருத்தைக் கேட்டார்கள். அல்லாஹ் தடுத்த வேவு பார்த்தலை அல்லவா நாம் செய்துவிட்டோம் என்றார்கள் அவர்கள். அதிகாரம் முழுவதும் கையில் இருந்தும், உமர் (ரலி) அவர்கள் அவ்வீட்டாரை விட்டுத் திரும்பிச் சென்றுவிட்டார்கள். விளக்கொளி தெரிகிறது என்பதற்காகப் பார்க்கும் உரிமை வந்துவிடுவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

அன்புச் சகோதரர்களே! தாய்மார்களே! இன்று வீட்டுக்குச் சென்றதும் சிலவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு இருப்பிடம், ஒலிவாங்கி, கேமரா ஆகியவற்றைப் பயன்படுத்த அனுமதி அளித்துள்ளீர்கள் எனப் பாருங்கள். தேவையற்றதை நீக்குங்கள், தேவையுள்ளதைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் என்று மாற்றுங்கள். கேமராவில் இடக்குறிப்பை நிறுத்தி வையுங்கள். தொழுகை நேரத்துக்கு நம் பள்ளிவாசலின் அட்டவணையே போதும்.

இரண்டாவது, பிறர் உள்ள படத்தை அவர் அனுமதியின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள். வந்த படத்தையும் அனுப்பாதீர்கள். உங்களிடம் வந்து சேர்ந்த தீமை உங்களிடமே முடிந்துபோகட்டும்.

மூன்றாவது, ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுச் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று அல்லாஹ் (24:58) கட்டளையிட்டுள்ளான். பெற்ற பிள்ளைக்கே அனுமதியில்லாத அந்த மூன்று நேரங்களில், கேட்கும் கருவிக்கும் பார்க்கும் கருவிக்கும் படுக்கையறையில் என்ன வேலை? அவற்றை அறைக்கு வெளியே வையுங்கள்.

நான்காவது, வீட்டுக் கேமராவின் பார்வை உங்கள் வாசலோடு நிற்கட்டும். அண்டை வீட்டாரின் முற்றத்திலோ மாடியிலோ விழ வேண்டாம். அது அண்டை வீட்டாரின் உரிமை.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கு இரகசியம் காக்கக் கற்றுக்கொடுங்கள். சிறுவராக இருந்த அனஸ் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய வேலையினால் வீட்டுக்குத் தாமதமாக வந்தார்கள். என்ன வேலை என்று தாயார் கேட்க, அது இரகசியம் என்றார்கள். அத்தாயார் துருவவில்லை, அண்ணலாரின் இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என்றே அறிவுறுத்தினார்கள். பிள்ளையின் வாயைப் பூட்டிய அந்தத் தாய், தம் ஆவலையும் பூட்டினார்கள். அத்தகைய தாய்மார்களே நம் இல்லங்களுக்குத் தேவை.

யா அல்லாஹ்! எங்கள் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வாயாக! பிறர் குறைகளைத் தேடுவதிலிருந்து எங்கள் கண்களையும் செவிகளையும் விரல்களையும் காப்பாயாக! எங்கள் இல்லங்களை அமைதியின் இருப்பிடங்களாக ஆக்குவாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் எவர் மானத்துக்கேனும் ஊறு விளைவித்திருந்தால், அவர்களிடம் மன்னிப்புப் பெறும் வாய்ப்பை மரணத்துக்கு முன்பே எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!